‘அவனுக்குத்தானே எழுதினனான்’

மடற்குழுவில், அதாவது ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச்சேரும் மின்னஞ்சல் குழுவில், வந்த எந்த மடலுக்கும் பதில் எழுதி முடித்தபின், அனுப்புவதற்கு முன்னர் பெறுநர் வரியில் விரலை வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். 2012இல் நடந்த ஒரு சம்பவத்தோடு தொற்றிக்கொண்ட பழக்கம் இது. அதைப் பற்றி எழுதவேண்டுமென்று பலமுறை உட்கார்ந்து, ஒரு பந்தியோடு எழுந்துபோயிருக்கிறேன். ‘பதில்’ என்னும் பொத்தானை அழுத்தினால் மடல் எழுதியவருக்குப் போகவேண்டுமா, குழுவுக்குப் போகவேண்டுமா என்ற கேள்வியில் என் அபிப்பிராயம் மூன்று தடவை மாறியிருக்கிறது. மாறிய ஒவ்வொரு தடவையும், அதுவரை நான் சரியென்று வைத்திருந்த ஏற்பாட்டுக்கு வேறு யாரோ விலை கொடுத்திருந்தார்கள்.

எங்கள் பழைய மாணவர் மடற்குழு 2005இன் தொடக்கத்தில், சுனாமி வந்துபோன சில வாரங்களில் உருவானது. இங்கே திருகோணமலையில் இருந்தவர்கள் சிலர். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்தவர்கள் பலர். கணினி தெரிந்தவன் என்ற ஒரே தகுதியால் குழுவை நிர்வகிக்கும் மட்டுறுத்துநர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மெயில்மேன் என்னும் கட்டற்ற மென்பொருளில் குழுவை நிறுவினேன். பதில்கள் யாருக்குப் போகவேண்டும் என்று அதன் நிர்வாகப் பக்கம் ஒரு கேள்வி கேட்கும்: எழுதியவருக்கா, குழுவுக்கா, குறித்த வேறொரு முகவரிக்கா. முதலாவது தெரிவு ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். அப்படியே விட்டேன். எழுதியவருக்குப் பதில் போவதுதானே முறை என்று எண்ணினேன். அந்த எண்ணத்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட அந்தக் கேள்விக்கு நான் ஒதுக்கவில்லை.

வெருகலுக்குப் போன பாய்கள்

2011 சனவரியில் கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளம். மகாவலியின் கிளையான வெருகல் ஆறு பெருகி, ஈச்சிலம்பற்றுப் பக்கத்துச் சனங்கள் பாடசாலைகளில் தங்கியிருந்தார்கள். ரொறொன்ரோவிலிருந்து ஒருவர் ‘என்ன தேவை, எவ்வளவு தேவை?’ என்று குழுவுக்கு எழுதினார். இங்கே நிலைமை தெரிந்த நான்கைந்து பேர் உடனே பதில் எழுதினார்கள். எல்லோருடைய பதிலும் கேட்டவருடைய பெட்டிக்கு மட்டும் போயிற்று. இங்கே விடியும்போது அங்கே முன்னிரவு. அவர் வேலை முடிந்து வந்து அவற்றைச் சேர்த்துப் பார்ப்பதற்குள், பதில் எதையும் காணாத இலண்டன்காரர்கள் அதே கேள்வியை வேறு இழையில், இன்னொரு மடற்தொடராக, கேட்டார்கள். அதற்கும் தனித்தனியே பதில்கள் போயின. முடிவில் இரண்டு கூட்டத்தாரும் தத்தம் பாட்டில் பணம் சேர்த்து, ஒருவர் வாங்குவது மற்றவருக்குத் தெரியாமல், பாயும் போர்வையும் வாங்கினார்கள்.

கிண்ணியாப் பாலம் கடந்து மூதூர் வழியாகப் போன இரண்டாவது லொறியில் நானும் இருந்தேன். பாய்க்கட்டுகளை இறக்கும்போது ஒரு பெண் அருகே வந்து, கோபமே இல்லாத குரலில், “பாய் இனிக் காணும் தம்பி, தண்ணி பிடிச்சு வைக்கத்தான் ஒண்டும் இல்லை” என்றார். வகுப்பறை மூலையில் முதல் லொறியில் வந்த பாய்கள் சுற்றிய கட்டு அவிழாமல் சுவரில் சாய்ந்து நின்றன. தண்ணீர்க் கலன்கள் தேவை என்று முதல் நாளே ஒருவர் எழுதியிருந்ததைப் பிறகுதான் அறிந்தேன். தகவல் இல்லாமற் போகவில்லை. அது ஒரே ஒரு மனிதருடைய பெட்டிக்குள் கிடந்தது.

அன்றிரவே நிர்வாகப் பக்கத்தைத் திறந்து இரண்டாவது தெரிவைக் குறித்தேன். குழுவுக்கு வந்த மடலுக்குக் குழுவில்தான் பதில், வேறென்ன? மறுவாரமே இழைகள் நீண்டன. கேட்ட கேள்விக்கு எல்லோர் கண்முன்னும் விடை கிடைத்தது. ‘இப்போதுதான் குழு உயிரோடு இருக்கிறது’ என்று ஒருவர் பாராட்டினார். ஒன்றரை ஆண்டு நான் செய்தது சரியென்றே இருந்தேன்.

உப்புவெளியில் ஒரு பிற்பகல்

அந்தத் தெரிவு என்ன செய்கிறது என்பதைச் சொல்லவேண்டும். மடல் குழுவின் சேவையகத்தைக் கடந்துபோகும்போது, அதன் தலைப்பகுதியில் ‘ரிப்ளை-டு’ என்னும் வரியைச் சேவையகம் எழுதி, குழுவின் முகவரியை அதில் இடுகிறது. வாசிப்பவருடைய மென்பொருள் அந்த வரிக்குக் கீழ்ப்படிந்து, ‘பதில்’ என்று அழுத்தியதும் எழுதியவரின் முகவரிக்குப் பதிலாகக் குழுவின் முகவரியை இட்டுவிடுகிறது. பொத்தானின் பெயர் மாறுவதில்லை. இடம் மாறுவதில்லை. இடப்பக்கம் வளைந்த அந்தச் சிறு அம்புக்குறியும் மாறுவதில்லை.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். 2012 ஓகஸ்டில் அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர், அவர்கள் காலத்துப் புகைப்படமொன்றை இலண்டனிலிருந்து குழுவுக்கு அனுப்பியிருந்தார். மாஸ்டர் அதற்குப் பதில் எழுதினார். முதல் இரண்டு வரிகள் புகைப்படத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் பற்றியவை. மீதி ஒன்றரைப் பக்கம் வேறு விடயம். பணமும் ஒரு மகளின் கலியாணமும் சம்பந்தப்பட்டது என்பதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. ஐம்பது ஆண்டுச் சிநேகிதன் ஒருவனிடம் மட்டும் கேட்கக்கூடியதை, அவனிடம் மட்டும் கேட்கக்கூடிய மொழியில் கேட்டிருந்தார்.

இரவு பத்து மணிக்கு நான் அதைக் கண்டேன். சேவையகப் பதிவைப் பார்த்தால் மடல் நான்கு நிமிடத்தில் 312 பேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. காப்பகத்திலிருந்த பிரதியை அழித்தேன். அந்த 312 பெட்டிகளில் இருந்ததை நான் என்ன செய்யமுடியும்? அதற்குள் நல்ல மனதுள்ள ஒருவர், ‘தயவுசெய்து எல்லோரும் இந்த மடலை அழித்துவிடுங்கள்’ என்று குழுவுக்கு எழுதினார். அவருடைய மென்பொருள் மாஸ்டருடைய கடிதம் முழுவதையும் கீழே மேற்கோளாக ஒட்டி, இன்னொரு முறை 312 பேருக்கும் அனுப்பிவைத்தது.

மறுநாள் பிற்பகல் மோட்டார்சைக்கிளில் உப்புவெளிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறேனா, எப்படி நடந்தது என்று விளங்கப்படுத்தப் போகிறேனா என்பது வழியெல்லாம் எனக்கே தெளிவாக இருக்கவில்லை. அவர் பிளேன்ரீ தந்தார். பிறகு, நான் எதுவும் கேட்காமலே, கணினிக்கு மேல் போட்டிருந்த துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, தான் என்ன செய்தார் என்று செய்து காட்டினார். அவர் தமிழை நேரடியாக மடலில் தட்டச்சிடுவதில்லை. ஒரு கோப்பில், யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் எழுதுவார். பிறகு அதை இணையத்திலுள்ள மாற்றியொன்றில் ஒட்டி யுனிகோட்டாக்குவார். அதை வெட்டியெடுத்து மடலில் ஒட்டுவார். சுட்டியைப் பிடித்த விரல்கள் நடுங்கின, வயதின் நடுக்கந்தான். தோழருடைய மடலைத் திறந்தார். ‘பதில்’ என்பதை அழுத்தினார். பெட்டி விரிந்ததும் சுட்டு நேராக எழுதும் இடத்தில் போய் நின்று சிமிட்டியது. மேலே, பெறுநர் வரியில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் குழுவின் பெயர் பாதியில் வெட்டுண்டு தெரிந்தது. அவர் பார்வை அந்தப் பக்கமே போகவில்லை. பாமினியிலிருந்து ஒன்றரைப் பக்கத்தைக் கரை சேர்க்கிற மனிதருக்கு அந்தப் பக்கம் பார்க்க நேரம் ஏது?

“நான் அவனுக்குத்தானே எழுதினனான், தம்பி. அவன்ரை மடலைத் திறந்துதானே எழுதினனான்.”

அதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. கரும்பலகையில் நிறுவலொன்றை வரி வரியாகச் சரிபார்க்கிறவர்போலச் சொன்னார். அவனுடைய மடலைத் திறந்தேன்; பதில் என்று அழுத்தினேன்; ஆகவே அவனுக்குப் போகவேண்டும். எந்தப் படியிலும் பிழை இல்லை. முதற்கோளை நான் மாற்றியிருந்தேன், அவரால் பார்க்கமுடியாத ஒரு பக்கத்தில், வேறொரு காரணத்துக்காக. “இனி எப்பிடி அழுத்தவேணும் எண்டு சொல்லும்” என்றார். நான் சொல்லிக்கொடுத்தேன். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் குழுவுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வரும் மடல்களை வாசிப்பதாக மட்டும் வழியில் கண்டபோது சொன்னார்.

திரும்பிவந்து தெரிவை மறுபடி ‘எழுதியவருக்கு’ என்று மாற்றினேன். தனிமடல் என்று எண்ணி எழுதியது சபைக்கு வந்துவிட்டால் மீட்க வழியில்லை. சபைக்கு என்று எண்ணி எழுதியது தனிமடலாகப் போய்விட்டால் இன்னொரு முறை அனுப்பினால் போயிற்று. ஆகவே பிழைத்தால் சிறிய கேடு விளையும் பக்கத்தில் நிற்பதே நல்லது என்று குழுவுக்கு நீண்ட மடலொன்றும் எழுதினேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. மடற்குழு நடத்துகிறவர்கள் 1990களிலிருந்தே சொல்லிவரும் வாதம். இன்றும் பெருமளவுக்கு ஏற்கிறேன். ஆனால் அந்த மடலை எழுதும்போது வெருகல் வகுப்பறையின் பாய்கள் கண்ணில் வந்து நின்றன. தவறிச் சபைக்கு வந்தது உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. தவறித் தனியே போனது தவறியதாகவே யாருக்கும் தெரிவதில்லை; அப்படியிருக்க, இன்னொரு முறை அனுப்பப்போவது யார்?

இரு தரப்பாருக்கும் வேதம் உண்டு

இந்தச் சண்டையில் நூல் ஆதாரம் தேடிப் போனவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம்: இரண்டு கட்சிக்காரரும் ஒரே வேதத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் காட்டுவார்கள். 1982இல் வெளியான ஆர்எப்சி 822 (ஆர்எப்சி என்பவை இணையத்தின் நியமங்களை எழுதிவைத்த ஆவணங்கள்), ரிப்ளை-டு வரிக்கான பயன்களைச் சொல்லும்போது, கலந்துரையாடும் கூட்டங்கள் தங்கள் விநியோக முகவரியை அதில் இட்டுக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே இடங்கொடுக்கிறது. 2001இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்எப்சி 2822, பதில்கள் எங்கே வரவேண்டுமென்று மடலை எழுதியவர் தெரிவிக்கும் விருப்பமே அந்த வரி என்கிறது. எழுதியவருடைய வரி என்றால் இடையில் நிற்கும் சேவையகம் அதில் கைவைப்பது முறையல்ல. அலுவலகக் கணினியிலிருந்து எழுதிவிட்டு, பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள் என்று ஒருவர் அந்த வரியில் குறித்திருந்தால், குழுவின் சேவையகம் தன் முகவரியை அதன்மேல் எழுதி அவருடைய வேண்டுகோளையே அழித்துவிடவும் கூடும்.

எனக்கு வியப்பு வேறு இடத்தில். மடற்குழுக்களுக்கு அண்டை வீடான, பழைய கலந்துரையாடல் வலையமைப்பான யூஸ்நெற்றில் இந்தச் சண்டைக்கே இடமிருக்கவில்லை. அங்கே எழுதியவருக்குப் பதில் எழுதுவது ஒரு செயல், குழுவில் தொடர்ந்து எழுதுவது வேறொரு செயல். இரண்டுக்கும் வெவ்வேறு கட்டளைகள். தொடர்ச்சி எங்கே போகவேண்டும் என்பதற்கென்று ‘பாலோஅப்-டு’ என்ற தனி வரியை 1987இன் ஆர்எப்சி 1036இல் காணலாம். மின்னஞ்சல் மென்பொருள்களோ, இருவர் எழுதிக்கொள்ளும் கடிதத்துக்கென்று செய்த ஒரே பொத்தானைக் கூட்டத்துக்கும் கொடுத்துவிட்டுப் போய்விட்டன. கோவில் வீதியில் நின்று ஒருவருடைய காதில் சொல்வதற்கும் ஒலிபெருக்கியில் சொல்வதற்கும் ஒரே வாயைத் திறக்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் ஒலிபெருக்கியைப் போடுகிற ஆளி நம் கையில் இருக்கிறது, பத்து மைல் தள்ளி இருக்கும் ஒரு மட்டுறுத்துநரின் கையில் இல்லை.

பரிகாரமும் புதியதல்ல. 1998இன் ஆர்எப்சி 2369, ‘லிஸ்ட்-போஸ்ட்’ என்ற வரியைத் தந்தது. குழு தன் முகவரியைத் தனக்கென்று உள்ள வரியில் சொல்லிக்கொள்ளலாம். எழுதியவருடைய வரியைக் களவெடுக்கத் தேவையில்லை. மெயில்மேன் அந்த வரியை எங்கள் மடல்கள் எல்லாவற்றிலும் இட்டே அனுப்புகிறது. அதைப் படிக்கிற மென்பொருள்தான் அரிது. மட் என்னும் பழைய முனையத்து மின்னஞ்சல் மென்பொருளில் எழுதியவருக்கு ஒரு விசை, எல்லோருக்கும் ஒரு விசை, குழுவுக்கு ஒரு விசை என்று மூன்று உண்டு. தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருள் 2009இல் வந்த தன் மூன்றாம் பதிப்பில் ‘குழுவுக்குப் பதில்’ என்னும் பொத்தானைச் சேர்த்தது. நம்மில் பெரும்பாலோர் கைத்தொலைபேசியில் திறக்கும் செயலிகளில் ‘பதில்’, ‘அனைவருக்கும் பதில்’ என்ற இரண்டுக்கு மேல் கிடையாது. ‘அனைவருக்கும்’ என்பதை அழுத்தினால் எழுதியவருக்கு ஒரே மடல் இரண்டு பிரதி போகவும் கூடும். இழை நீள நீள, இடையில் பேசியவர்களின் முகவரிகள் பனங்கொட்டை முளைத்ததுபோல் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க ‘மெயில்-பாலோஅப்-டு’ என்றொரு வரியை முன்மொழிந்தார்கள். அது நியமமாகவே இல்லை.

2014இல் நான் மறுபடி ஆட்டங்கண்டேன். அனுப்புநர் வரியில் உள்ள முகவரியிலிருந்துதான் மடல் வந்ததா என்று சோதிக்கும் டீமார்க் என்னும் முறையைப் பெரிய இலவச மடற்சேவைகள் சில அவ்வாண்டு இறுக்கின. பொருந்தாவிட்டால் நிராகரி என்பது கட்டளை. மடற்குழுவோ பிறர் பெயரில் வந்த மடலைத் தன் சேவையகத்திலிருந்து மறுபடி அனுப்புகிறது. போதாததற்குத் தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் ஒரு குறிப்பையும் சேர்ப்பதால், மடலோடு வந்த இலத்திரனியல் கையொப்பமும் உடைந்துபோகிறது. ஒருவர் எழுதிய மடலை இன்னொருவரின் சேவையகம் திருப்பியனுப்ப, திரும்பிவந்த மடல்களை எண்ணிய மெயில்மேன், பாவம் ஒன்றும் அறியாத அந்தப் பெறுநர்களுக்கு விநியோகத்தை நிறுத்திவிட்டது. காலையில் கணினியைத் திறந்தபோது நாற்பதுக்கு மேற்பட்டோர் அப்படி நின்றுபோயிருந்தார்கள். இதற்கு மெயில்மேன் தந்த மருந்து, அனுப்புநர் வரியில் குழுவின் முகவரியையே இட்டு, ‘இன்னார், குழு வழியாக’ என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, எழுதியவரின் உண்மை முகவரியை ரிப்ளை-டுவில் எழுதுவது. எந்த வரியைச் சேவையகம் தொடவே கூடாது என்று இரண்டு ஆண்டுகள் வாதாடினேனோ, அந்த வரியைத் தொடும்படி சேவையகத்துக்கு நானே கட்டளையிட்டேன்.

அதோடு தெரிவுகளின் மேல் எனக்கிருந்த பற்று விட்டுப்போயிற்று. மட்டுறுத்துநர் எதைக் குறித்தாலும் அது 312 பேருக்கு, அவர்கள் இன்னும் எழுதாத மடல்களுக்கு, முன்கூட்டியே எழுதிய தீர்ப்பு. பதில் யாருக்கு என்பது எழுதுகிறவருக்கு அந்த நேரத்தில் மட்டுமே தெரியும். அதைக் கேட்கக்கூடிய இடத்தில் நிற்பது அவர் முன்னால் இருக்கும் மென்பொருள் ஒன்றுதான். லிஸ்ட்-போஸ்ட் வரியுள்ள மடல் திறந்திருக்கும்போது வெறும் ‘பதில்’ என்ற பொத்தான் அங்கே இருக்கவே கூடாது என்பது என் கட்சி. ‘இவருக்கு’, ‘குழுவுக்கு’ என்று அது இரண்டாகப் பிரிந்து நிற்கட்டும். ஒருமுறை கூடுதலாக யோசிக்கவைப்பது எரிச்சல்தான், படட்டும். குழுவின் முகவரி பார்வைக்கு ஓர் ஆளின் முகவரிபோலவே இருக்கிறது. அதற்குப் பின்னால் எத்தனை பேர் என்பது மென்பொருளுக்குத் தெரியாது, ஆனால் கூட்டம் இருக்கிறது என்பது தெரியும். சாம்பல் நிறத்தில் பாதிப் பெயரைக் காட்டாமல், ‘இதைக் குழுவிலுள்ளோர் எல்லோரும் வாசிப்பர்’ என்று எழுதும் இடத்துக்கு மேலேயே சொல்லலாமே. வட்ஸ்அப் குழுக்களில் ஒருவருடைய செய்திக்குத் தனியாகப் பதிலளிக்க வேறொரு தெரிவு உண்டு. அதைத் தேடித்தான் எடுக்கவேண்டும், எடுத்ததும் அவரோடான தனி உரையாடலுக்குத் திரையே மாறிவிடுகிறது. எங்கே நின்று பேசுகிறோம் என்ற சந்தேகம் அதில் குறைவு.

எங்கள் குழு இன்னும் இருக்கிறது. பாதிப் பேர் வட்ஸ்அப்பிற்குப் போய்விட்டாலும், கணக்கறிக்கையும் கூட்டக் குறிப்புகளும் மடலில்தான் வருகின்றன. சென்ற மாதம் ரொறொன்ரோவிலிருந்து செயற்குழு உறுப்பினர் ஒருவர் நூலக அலுமாரிகளுக்கான விலைகளைக் குழுவுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். டொக்யார்ட் வீதியில் பேருந்துக்குக் காத்திருந்தபடியே கைத்தொலைபேசியில் பதில் எழுதினேன். இரண்டாவது விலை கூடுதலாகப் படுகிறது, மூன்றாவதை எடுக்கலாம் என்று. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு. அங்கே இரவு எட்டரை.

“இதை ஏன் நீர் எனக்கு மட்டும் எழுதியிருக்கிறீர்? மற்றவைக்குத் தெரியக்கூடாதோ?”

பெறுநர் வரியை விரல் வைத்து வாசித்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவருடைய பெயர் இருந்தது. அவருக்குத்தானே பதில் எழுதுகிறேன் என்று அனுப்பியிருந்தேன். அதைச் சொன்னால் அவர் நம்புவாரா என்று தெரியவில்லை. மடலை அப்படியே குழுவுக்கு மறுபடி அனுப்பிவிட்டு, தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் வைக்கப் போனேன்.